ஆய்வகத் தொட்டியில் என்ன விழுகிறது?

உயிரியல் செய்முறை வகுப்பு முடிந்து மாணவர்கள் கிளம்பிய பிறகு, ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் குப்பைத் தொட்டியைக் குனிந்து பாருங்கள். நெகிழி டம்ளர்கள், துளிப்பான்கள், கையுறைகள், பஞ்சு சுற்றிய நெகிழிக் குச்சிகள், பாலித்தீன் உறைகள், உடைந்த தெர்மாகோல் துண்டுகள். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நெகிழி ஒழிப்பு உறுதிமொழி எடுத்த அதே பிள்ளைகள்தான் இவற்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கையில் கொடுத்தவர்கள் நாம்தானே.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. நெகிழி டம்ளரும் தெர்மாகோல் டம்ளரும் அதில் அடக்கம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையில், நெகிழிக் குச்சி வைத்த காது பஞ்சும் அலங்காரத் தெர்மாகோலும் சேர்ந்தன. உணவுக் கூடத்திலும் ஆண்டு விழாவிலும் இந்தத் தடையை நினைவில் வைத்திருக்கிறோம். ஆய்வகக் கதவுக்கு உள்ளே போனதும் மறந்துவிடுகிறோம். 'அறிவியலுக்காகத்தானே' என்று ஒரு சமாதானம் நமக்குள் இருக்கிறது. அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கண்ணாடியிலிருந்து நெகிழிக்கு

உயிரியல் ஆய்வகம் நெகிழியோடு பிறந்ததல்ல. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி, 1887இல் மூடியுடன் கூடிய தட்டை விவரித்தபோது அது கண்ணாடித் தட்டு. கழுவி, வெப்பத்தால் கிருமி நீக்கி, மறுபடியும் பயன்படுத்துவார்கள். பிப்பெட்டும் கண்ணாடிதான், வாயால் உறிஞ்சுவார்கள். அது ஆபத்தான பழக்கம். 1957இல் மார்பர்க் நகரில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் இன்றைய நுண்பிப்பெட்டின் முன்னோடியை உருவாக்கினார். அதன் முனையில் மாட்டிக் கழற்றும் சிறு நெகிழி முனைகள் வந்தன. ஒரு மாதிரிக்கு ஒரு முனை, பிறகு குப்பை. நோய்க்கிருமியையும் மரபணுவையும் கையாளும் இடத்தில் ஒரு மாதிரி இன்னொன்றோடு கலந்தால் முடிவு முழுவதும் பாழாகும். அங்கே இந்த முறைக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

ஆனால் வசதி வந்ததும் காரணம் இல்லாத இடத்துக்கும் பழக்கம் பரவியது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தங்கள் துறையின் கணக்கைச் சொன்னார்கள். ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் சுமார் 280 பேர்; 2014ஆம் ஆண்டில் வெளியேறிய நெகிழிக் கழிவு ஏறத்தாழ 267 டன். ஆளுக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை உலகெங்கும் உள்ள உயிரியல், மருத்துவ, வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு விரித்தால் ஆண்டுக்குச் சுமார் 55 லட்சம் டன் வரும் என்று மதிப்பிட்டார்கள். ஒரு துறையின் கணக்கை உலகம் முழுவதற்கும் நீட்டிய மதிப்பீடு இது, நேரடியாக எடை போட்டது அல்ல. 11ஆம் வகுப்பில் இதைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ஒரு எண்ணை எப்படி வாசிப்பது என்பதற்கு நல்ல பாடம்.

நம் பள்ளி ஆய்வகம் இந்தக் கணக்கில் ஒரு தூசு. ஆனால் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு இருக்கும் நியாயம் நமக்குக் கிடையாது. நாம் செய்யும் செய்முறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிருமி நீக்கிய பொருள் தேவையே இல்லை. வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்க்கவும், உருளைக்கிழங்கில் சவ்வூடு பரவல் காட்டவும், இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்க்கவும் சுத்தமான பாத்திரம் போதும். சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், தொட்டியில் விழுவதில் பெரும்பகுதி தானாகவே நின்றுவிடும்.

ஒவ்வொரு செய்முறையாக

உமிழ்நீர் அமைலேஸ் செய்முறையை எடுத்துக்கொள்வோம். 40 பேர் கொண்ட வகுப்பு, இருவருக்கு ஒரு குழு, ஆக 20 குழுக்கள். ஸ்டார்ச் கரைசல், உமிழ்நீர், அயோடின், கழுவும் நீர் என்று குழுவுக்கு 4 நெகிழி டம்ளர் கொடுத்தால் ஒரே பாடவேளையில் 80 டம்ளர் குப்பைக்குப் போகும். இதே சோதனைக்கு இரண்டு சோதனைக் குழாயும் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடும் போதும். ஓட்டில் அயோடின் துளிகளை வரிசையாக வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கலவையிலிருந்து ஒரு துளி எடுத்துச் சேர்க்க வேண்டும். கருநீலம் மங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறம் மாறாமல் நிற்பதை வரிசையாகக் கண்ணெதிரே பார்க்கலாம். டம்ளரில் செய்தால் இந்த வரிசை கிடைக்காது. வேதிப்பொருளும் குறைவாகச் செலவாகும். ஓடு இல்லையென்றால், வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய ஒரு வெள்ளைத் தரை ஓடு போதும். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். உமிழ்நீரை மட்டும் அவரவர் தம் குழாயில் எடுத்து, அவரவரே கழுவ வேண்டும். ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது.

கன்னத்தின் உட்புறச் செல்களை எடுப்பதற்குப் பஞ்சு சுற்றிய நெகிழிக் குச்சி வேண்டாம், மரப் பல்குச்சியே போதும். அதன் தடித்த முனையால் மெதுவாக ஒருமுறை வழித்தால் தேவைக்கு மேலேயே செல்கள் கிடைக்கும். ஒருவருக்கு ஒரு குச்சி, பயன்படுத்தியதும் பிளீச்சிங் கரைசலில் போட வேண்டும். இதில் மறுபயன்பாடு கூடாது.

துளிப்பானில்தான் நாம் அதிகம் வீணாக்குகிறோம். மென்மையான நெகிழித் துளிப்பானை ஒரு குழுவுக்கு மூன்று நான்கு என்று கொடுக்கிறோம். ஆனால் ஒரு வேதிப்பொருள் புட்டிக்கு ஒரு துளிப்பான் என்று நிரந்தரமாக ஒதுக்கி, பெயர்ச் சீட்டு ஒட்டி, அந்தப் புட்டியோடே நூலால் கட்டிவிட்டால் அது மாறவும் மாறாது, கழுவவும் தேவைப்படாது. கண்ணாடித் துளிப்பானாக இருந்தால் ரப்பர் குமிழ்தான் முதலில் கெட்டுப்போகும். குமிழை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். பல பள்ளிகளில் குமிழ் போன துளிப்பான்கள் டப்பா டப்பாவாக அலமாரியில் கிடக்கின்றன. பக்கத்திலேயே புதிய நெகிழித் துளிப்பான் பொட்டலமும் இருக்கிறது.

கையுறை பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வெங்காய வேர் நுனியை நசுக்கிப் பார்க்க மாணவருக்குக் கையுறை தேவையில்லை. சாயம் விரலில் பட்டால் இரண்டு நாளில் போய்விடும். கையுறை போட்ட மாணவர் அதே கையால் கதவைத் திறப்பார், முகத்தைத் தொடுவார், பேனா பிடிப்பார். பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நினைப்பு மட்டும்தான் மிச்சம். இரத்தம், பார்மலின் ஆகிய இரண்டுக்கும் கையுறை கட்டாயம். மற்றபடி சோப்புப் போட்டுக் கை கழுவுவதே சரியான பழக்கம்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் விதை முளைப்பதைக் காட்ட நெகிழி டம்ளரைத் தேடுகிறார்கள். கொட்டாங்குச்சியின் கண்ணைத் திறந்துவிட்டால் வடிகால் துளை தயார். தொன்னையில் முளைக்க வைத்தால் நாற்றைத் தொன்னையோடே மண்ணில் நட்டுவிடலாம். வேர் இறங்குவது தெரிய வேண்டும் என்றால் ஊறுகாய் வந்த கண்ணாடிப் புட்டியின் உட்சுவரை ஒட்டி ஈரக் காகிதத்தைச் சுருட்டி வைத்து, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அவரை விதையைச் செருகுங்கள். டம்ளரில் மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரை இதில் நாள்தோறும் அளக்கலாம்.

மாதிரிகளும் படங்களும் இன்னொரு பக்கம். செல், இதயம், மலர் என்று எதைச் செய்யச் சொன்னாலும் பிள்ளைகள் தெர்மாகோலோடு வருகிறார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் அது நொறுங்கி, காற்றில் வெள்ளை மணிகளாகப் பறக்கும். களிமண்ணும் காகிதக் கூழும் நம்மிடம் இருக்கின்றன. மதிப்பெண் வழங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல், பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் தெர்மாகோல் தானாகக் குறையும். லேமினேட் செய்த விளக்கப்படமும் அப்படித்தான். காகிதத்தையும் நெகிழியையும் பிரிக்க முடியாததால் பழைய பேப்பர் கடைக்காரரும் அதை எடுப்பதில்லை.

கழுவக் கூடாதவை

மறுபயன்பாடு என்ற ஆர்வத்தில் எல்லை மீறிவிடக் கூடாத இடங்கள் உண்டு. முதலாவது இரத்தம். இரத்த வகை கண்டறியும் செய்முறையில் பயன்படும் குத்தூசி ஒருவருக்கு ஒன்றுதான். எக்காரணம் கொண்டும் இன்னொருவருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. தீயில் காட்டினேன், ஸ்பிரிட்டில் துடைத்தேன் என்பதெல்லாம் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு முன்னால் செல்லாது. இங்கே குறைக்க வேண்டியது ஊசியை அல்ல, குத்திக்கொள்ளும் மாணவர்களின் எண்ணிக்கையை. வகுப்பில் உள்ள 40 பேரும் குத்திக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் கண்ணாடி வில்லையில் செல்கள் திரள்வதைப் பார்த்தால் போதும். திரளுதல் என்றால் என்ன என்பதை ஒவ்வொருவரும் செய்து பார்க்க, சிவப்புச் சாயம் கலந்த பாலில் ஒரு துளி வினிகரும் இன்னொன்றில் ஒரு துளி தண்ணீரும் விடச் சொல்லலாம். முதலாவது திரியும், இரண்டாவது அப்படியே இருக்கும். இது ஆன்டிஜென், ஆன்டிபாடி வினை அல்ல என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியவை என்று பலர் நினைக்கிறோம். கல்வி நிறுவனங்களையும், பள்ளிகளின் முதலுதவி அறைகளையும் அந்த விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. கூர்மையான பொருள்களை, குத்தினாலும் துளைபடாத வெள்ளைக் கொள்கலனில் சேகரிக்க வேண்டும் என்கின்றன. செய்முறைக்கு முன்பாகவே அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, பயன்படுத்திய ஊசிகளையும் இரத்தம் பட்ட பஞ்சையும் அவர்களது கழிவோடு சேர்க்க ஒப்புதல் பெறுங்கள். பொதுக் குப்பையில் போட்டால் அது மறுநாள் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். இரத்தம் பட்ட கண்ணாடி வில்லைகளை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அரை மணி நேரம் ஊற வைத்த பிறகே கழுவ வேண்டும். அதையும் கையுறை அணிந்து ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோதான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நுண்ணுயிர் வளர்ப்பு. பெட்ரி தட்டில் கைரேகையை ஒற்றி என்ன வளர்கிறது என்று காட்டும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. என்ன வளரும் என்று நமக்குத் தெரியாது என்பதே அதன் சிக்கல். தயிரை மெல்லிய படலமாகக் கண்ணாடி வில்லையில் தடவி, உலர்த்தி, சாயமிட்டுப் பார்த்தால் பாக்டீரியாவைக் காட்டிவிடலாம். ஆபத்தும் இல்லை, தட்டும் தேவையில்லை. வளர்த்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மூடியை ஒட்டிவிட்டு வெளியிலிருந்து மட்டும் பாருங்கள். முடிந்ததும் திறக்காமல் பிரஷர் குக்கரில் வைத்து, முழு அழுத்தம் வந்ததிலிருந்து 20 நிமிடம் அவிக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி செல்சியஸை எட்டும். ஆய்வகங்களில் உள்ள ஆட்டோகிளேவும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. நெகிழித் தட்டைக் குக்கரில் வைக்க முடியாது. அது பாலிஸ்டைரீன், சுமார் 100 டிகிரியிலேயே இளகிச் சுருண்டுவிடும். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் 6 இருந்தால் பாலிஸ்டைரீன், எண் 5 இருந்தால் பாலிப்புரோப்பிலீன். பின்னது 121 டிகிரியைத் தாங்கும். இந்த எண்களைப் படிக்க மாணவர்களுக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மூன்றாவது, குளிர்பான, குடிநீர்ப் புட்டிகள். அயோடின், ஸ்பிரிட், நீர்த்த அமிலம் ஆகியவற்றை அவற்றில் ஊற்றி வைப்பதை மறுபயன்பாடு என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். தாகத்தோடு வரும் ஒரு பிள்ளைக்குப் புட்டியின் வடிவம்தான் தெரியும், நாம் ஒட்டிய சீட்டு தெரியாது.

செய்முறைத் தேர்வு முடிந்ததும் மொத்தக் குப்பையையும் கட்டடத்தின் பின்னால் கூட்டிவைத்துக் கொளுத்தும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். குளோரின் உள்ள பிவிசி போன்ற நெகிழி திறந்த வெளியில் எரியும்போது டையாக்சின்கள் உண்டாகின்றன. புகை வீசும் திசையில் தொடக்கப் பள்ளி இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

யார் கழுவுவது? உடைந்தால் யார் பொறுப்பு?

இதுவரை படித்த ஆசிரியர்கள் மனதில் ஓடும் கேள்விகள் இவைதான். நம் பள்ளிகள் நெகிழிக்கு மாறியதற்கு அறிவியலைவிட இவையே பெரிய காரணம் என்பது என் எண்ணம். கண்ணாடி முகவை இருப்புப் பதிவேட்டில் ஏறும் பொருள். அது உடைந்தால் எழுத வேண்டும், தணிக்கையில் கேட்டால் விளக்க வேண்டும். நெகிழி டம்ளர் செலவாகும் பொருள், தீர்ந்தால் யாரும் கேட்பதில்லை. அதனால் நல்ல கண்ணாடிக் கலன்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்க, மாணவர் கையில் டம்ளர் இருக்கிறது. இதற்கு ஒரு எளிய வழி, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரின் கையொப்பத்தோடு உடைபொருள் பதிவேடு ஒன்றைத் தொடங்குவது. தேதி, பொருள், எந்தச் செய்முறை, எப்படி உடைந்தது என்று அன்றன்றே ஒரு வரி எழுதிவிட்டால், ஆண்டிறுதியில் இருப்பிலிருந்து கழிக்க அதுவே ஆதாரம். கண்ணாடி உடையும் பொருள் என்பது தணிக்கையாளருக்கும் தெரியும். எழுதாமல் விட்டதுதான் சிக்கலாகிறது.

கழுவுவதைப் பொறுத்தவரை, ஆய்வக உதவியாளர் பணியிடம் இல்லாத, அல்லது காலியாக உள்ள பள்ளிகள் பல. அங்கே மாணவர்கள் தாம் பயன்படுத்தியதைத் தாமே கழுவுவதைச் செய்முறையின் கடைசிப் படியாகவே வைத்துவிடலாம். பாடவேளையின் கடைசி எட்டு நிமிடத்தை அதற்கென்று விட வேண்டும். மணி அடித்த பிறகு சொன்னால் நடக்காது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இருபாலர் பள்ளிகளில் இந்த வேலை சத்தமில்லாமல் மாணவியர் பக்கம் போய்விடும். 'அவங்கதான் சார் நல்லா கழுவுவாங்க' என்று பையன்கள் சொல்வார்கள். சுழற்சிப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, முதல் வாரம் பையன்களிடமிருந்தே தொடங்குங்கள். நாமும் ஒரு முகவையைக் கையில் எடுத்தால் பேச்சே எழாது.

கழுவுவதில் பாடமும் இருக்கிறது. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாக வழியும். எண்ணெய்ப் பசை இருந்தால் துளித் துளியாக நிற்கும். ஒருமுறை சோப்பு சரியாக அலசாத குழாயில் அமைலேஸ் செய்முறையைச் செய்ய வைத்து, சுத்தமான குழாயின் முடிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுச் சோதனை எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊர்களில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ முடியாது. மூன்று வாளி போதும்: முதலாவதில் சோப்பு நீர், அடுத்த இரண்டிலும் அலசும் நீர். கடைசி வாளித் தண்ணீர் அடுத்த வகுப்புக்கு முதல் வாளி ஆகும். சாயமும் தாமிரம் கலந்த பெனடிக்ட் கரைசலும் சேர்ந்த நீரை மட்டும் பள்ளித் தோட்டத்தில் ஊற்றிவிட வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், எண்ணிப் பார்ப்பதிலிருந்து என்பேன். தொட்டியின் மேலே ஒரு தாளை மாட்டி, எது விழுந்தாலும் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தேசிய பசுமைப் படை மாணவர்கள் ஒரு மாதம் இதைப் பார்த்துக்கொள்வார்கள். மாத முடிவில் பட்டை வரைபடம் வரைந்து, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது கிருமி நீக்கிய நிலையில் தேவைப்பட்டதா, சுத்தமாக இருந்தால் போதுமா என்று வகுப்பே முடிவு செய்யட்டும். சில பொருள்களில் வாதம் வரும், வரட்டும்.

நெகிழி என்றாலே விலக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கண்ணாடி முகவையைவிடக் கெட்டியான பாலிப்புரோப்பிலீன் முகவை பாதுகாப்பானது, பல ஆண்டுகள் உழைக்கும். இருக்கும் நல்ல நெகிழிக் கலன்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி வாங்குவது தேவையற்ற செலவு, கூடுதல் குப்பையும்கூட. பாலிஸ்டைரீன் பெட்ரி தட்டுகள் இருந்தால், நுண்ணுயிர் வளர்க்காதவரை, விதை சேகரிப்பு வைக்கவும் பூச்சிகளைக் காட்டவும் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜூன் மாதம் ஆய்வகத் தேவைப் பட்டியல் எழுதுவோம். சென்ற ஆண்டுப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதாமல், அதற்கு முன் அலமாரியைத் திறந்து இருக்கும் கண்ணாடிக் கலன்களை எண்ணிவிடுங்கள். டம்ளர், நெகிழித் துளிப்பான், கையுறைப் பெட்டி ஆகியவற்றுக்கு எழுதும் தொகையில் ரப்பர் குமிழ்கள், குழாய் கழுவும் தூரிகைகள் மூன்று அளவுகளில், கடிகாரக் கண்ணாடிகள், சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து உலர்த்தும் மரத் தாங்கி, கெட்டியான ரப்பர் கையுறை ஒரு ஜோடி ஆகியவற்றை எழுதுங்கள். தூரிகை இல்லாத ஆய்வகத்தில் கழுவச் சொல்லிப் பயனில்லை. பல பட்டியல்களில் விட்டுப்போகும் பொருளும் அதுதான்.